முந்திரிக் கூலி விதிகளுக்கு எந்தப் பார்சர்? ரன்டைம் நூலகத்தைச் சுமப்பதா, தவிர்ப்பதா

புதுச்சேரி இலாசுப்பேட்டையில் நான்கு பேராக நாங்கள் நடத்தும் சிறு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கத்து முந்திரித் தொழிற்கூடக்காரர்கள். அங்கே கொட்டை உடைப்பவருக்கும், பருப்பின் மேல்தோலை உரிப்பவருக்கும், தரம் பிரிப்பவருக்கும் கூலி எடைக்கணக்கில் போகிறது. ஆனால் எந்த எடைக்கு எவ்வளவு, உடைசல் எவ்வளவுக்கு மேல் போனால் எவ்வளவு பிடித்தம், பண்டிகை வாரத்தில் எவ்வளவு கூடுதல் என்பதெல்லாம் கூடத்துக்குக் கூடம் வேறுபடும். ஒரே கூடத்திலும் பருவத்துக்குப் பருவம் மாறும். முதல் இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாங்களே நிரலைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். கணக்குப்பிள்ளையே தமிழில் எழுதிக்கொள்ளக்கூடிய ஒரு சின்ன விதிமொழியைக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தபோது, அந்த மொழியைப் படித்துப் பகுத்தறியும் பார்சரை எப்படிப் பெறுவது என்ற கேள்வி எழுந்தது. ஆண்ட்லர், பைசன், லார்க் என்ற மூன்று ஆயத்தக் கருவிகள், கையால் எழுதுவது என்று நான்கு வழிகளை எடைபோட்டோம். அந்த ஒப்பீட்டைத்தான், எங்கள் சாய்வுகளையும் மறைக்காமல், இங்கே எழுதுகிறேன்.

விதிமொழியின் அளவு தெரிந்தால்தான் ஒப்பீடு புரியும் என்பதால் இரண்டு வரிகளைக் காட்டுகிறேன். இவற்றிலுள்ள எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே.

கூலி = முழுப்பருப்பு * 24 + பாதிப்பருப்பு * 16
உடைசல் > 3 எனில் கூலி = கூலி - 40

மொத்த இலக்கணமும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், ஒப்பீடு, நிபந்தனை, மதிப்பிடுதல், அடைப்புக்குறி, அவ்வளவுதான். ஆயினும் இரண்டாவது வரியில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பெரும்பாலான நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் வரியின் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், முதல் சொல்லைப் பார்த்ததுமே இது நிபந்தனை வாக்கியம் என்று பார்சர் தெரிந்துகொள்கிறது. தமிழில் நிபந்தனையைச் சொல்லி முடித்த பிறகுதான் ‘எனில்’ வரும். ஆகவே வரி ‘உடைசல்’ என்று தொடங்கும்போது அது மதிப்பிடும் வாக்கியமா, நிபந்தனை வாக்கியமா என்பது பார்சருக்குத் தெரியாது. மேலிருந்து கீழாக, ஒரே ஒரு டோக்கனை (சொல், எண், குறி போன்ற ஒரு துண்டை) முன்பார்த்து முடிவெடுக்கும் எல்எல்-1 வகைப் பார்சர் இந்த இடத்தில் திகைத்து நிற்கும். கீழிருந்து மேலாகக் கட்டிக்கொண்டு போகும் எல்ஆர் வகைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. கோவையை (எண்களும் பெயர்களும் குறிகளும் சேர்ந்த கணக்குத் தொடரை) படித்து முடித்துவிட்டு, அடுத்து என்ன வருகிறது என்று பார்த்து, அதன் பிறகு பெயர் சூட்டிக்கொள்ளும். வினையை இறுதியில் வைக்கும் மொழியைப் பேசுகிறவர்களுக்கு இந்த வகைப் பார்சர் இயல்பாகப் பொருந்துவது எனக்கு வேடிக்கையாகவே இருந்தது.

ரன்டைம் என்பது எது

பார்சர் ஜெனரேட்டர் என்பது, மொழியின் இலக்கணத்தை எழுதிக் கொடுத்தால் அதற்கான பார்சரை நிரலாக எழுதித் தரும் கருவி. அது தரும் நிரல் தனித்து ஓடுமா, அல்லது கருவியோடு வரும் ஒரு நூலகத்தை எப்போதும் துணைக்கு அழைத்துக்கொள்ளுமா என்பதில்தான் கருவிகள் பிரிகின்றன. ஆண்ட்லர் இரண்டாவது வகை. அது எழுதித் தரும் கோப்பில் இலக்கணத்தின் சுருக்கப்பட்ட வரைபடமும் அதைச் சுற்றிய செயற்கூறுகளும் மட்டுமே இருக்கும். டோக்கன் ஓடை, முன்பார்வைக் கணக்கு, பிழையிலிருந்து மீளும் முறை, வாக்கிய அமைப்பை மரவடிவில் கட்டுவது எல்லாம் ரன்டைம் எனப்படும் அந்த நூலகத்தில் இருக்கும். பைசன் முதல் வகை. நூலகம் செய்ய வேண்டிய வேலையைச் சட்டகமாக அது எழுதித் தரும் கோப்புக்குள்ளேயே கொட்டிவிடும். லார்க் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. கையால் எழுதினால் இந்தக் கேள்வியே இல்லை.

இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் பார்சர் கருவிகளை ஒப்பிடுபவர்கள் எந்த அல்காரிதம் வலிமையானது என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கள் அளவிலான மொழிக்கு எல்லா அல்காரிதமும் போதும். கருவியை நாம் நம் மேசையில் பயன்படுத்துகிறோம். ரன்டைமோ வாடிக்கையாளரின் கணினியில் ஐந்தாறு ஆண்டுகள் குடியிருக்கும். அதன் பதிப்பு, அதன் உரிமம், அது மற்ற நூலகங்களோடு போடும் சண்டை எல்லாவற்றுக்கும் அதன் பிறகு நாம்தான் பொறுப்பு.

ஆண்ட்லர்

டெரன்ஸ் பார் உருவாக்கிய ஆண்ட்லரின் நான்காம் தலைமுறை 2013-இல் வெளியானது. இப்போது உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் பார்சர் ஜெனரேட்டர்களில் அது ஒன்று. ஜாவா, சி ஷார்ப், பைதான், ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட், கோ, சி பிளஸ் பிளஸ், ஸ்விஃப்ட், பிஎச்பி, டார்ட் ஆகியவற்றுக்கு ஒரே இலக்கணக் கோப்பிலிருந்து பார்சர் எழுதித் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரன்டைம் உண்டு. எங்களை முதலில் இழுத்தது இதுதான். எங்கள் அலுவலக மென்பொருள் பைதானில் இருக்கிறது. கூடத்தில் மேஸ்திரி எடையைப் பதியும் கைபேசிச் செயலி காட்லினில் இருக்கிறது. காட்லினுக்கு ஜாவா ரன்டைமே போதும். இலக்கணத்துக்குள் எந்த மொழியின் நிரலையும் செருகாமல் தூய்மையாக வைத்துக்கொண்டால், ஒரே கோப்பு இரண்டு பக்கமும் ஓடும்.

இலக்கணம் எழுதுவதும் சுகம். இடது மறுசுழற்சி (ஒரு விதி தன் தொடக்கத்திலேயே தன்னை அழைப்பது) என்று பாடப்புத்தகங்கள் பயமுறுத்தும் விஷயத்தை ஆண்ட்லர் நேரடி வடிவில் ஏற்றுக்கொள்வதால், ‘கோவை என்பது கோவை பெருக்கல் கோவை’ என்று பள்ளிக் கணக்கைப் போலவே எழுதலாம். எதை முதலில் எழுதுகிறோமோ அதற்கு முன்னுரிமை. மேலே சொன்ன ‘எனில்’ சிக்கலையும் அது சத்தமில்லாமல் கடந்துவிடுகிறது. அதன் முன்பார்வைக்கு ஒரு டோக்கன், இரண்டு டோக்கன் என்ற வரம்பு இல்லை. முடிவெடுக்கத் தேவையான தூரம் வரை போய்ப் பார்க்கும். பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு, அதே வடிவம் மறுபடி வரும்போது வேகமாக முடிவெடுக்கும். மிக மோசமான இலக்கணத்தில் இதன் செலவு உள்ளீட்டு நீளத்தின் நான்காம் மடி வரை போகலாம் என்பது 2014-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. நடைமுறை மொழிகளில் அநேகமாக நேர்விகிதத்திலேயே ஓடுகிறது என்பதும் அதே கட்டுரையின் கண்டுபிடிப்பு. இருபது வரி விதிக்கு இரண்டுமே கவலை இல்லை. ஆனால் பைதான் ரன்டைம் முழுக்க முழுக்கப் பைதானிலேயே எழுதப்பட்டது என்பதால், ஜாவாவில் பார்த்த வேகத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. நினைவு நிரம்பாத முதல் ஓட்டம் இன்னும் மெதுவாக இருக்கும். ஒரு நாளில் நான்கு முறை திறந்து மூடும் மேசைக் கணினி மென்பொருளில் ஒவ்வொரு ஓட்டமும் முதல் ஓட்டம்தான்.

இனி சுமை. ஆண்ட்லர் கருவி ஜாவாவில் ஓடுவது, 4.10 பதிப்பிலிருந்து அதற்கு ஜாவா 11 வேண்டும். இது எங்கள் மேசையோடு முடிந்துவிடும் தொல்லை. தீராத தொல்லை கருவிக்கும் ரன்டைமுக்கும் இடையிலான பதிப்புப் பிணைப்பு. எந்தப் பதிப்புக் கருவி நிரலை எழுதியதோ, அதோடு ஒத்துப்போகும் பதிப்பு ரன்டைம்தான் அந்த நிரலை ஓட்ட வேண்டும். பதிப்பு சற்றே விலகியிருந்தால் ஓர் எச்சரிக்கை வரியோடு தப்பலாம். ஆனால் 4.10-இல் இலக்கண வரைபடத்தைச் சுருக்கி வைக்கும் முறையே மாறியது. அதற்கு முந்தைய கருவி எழுதிய நிரலை 4.10 அல்லது அதற்குப் பிந்தைய ரன்டைமில் வைத்தால், வரைபடத்தைப் படிக்க முடியவில்லை என்று தொடக்கத்திலேயே நின்றுவிடும். எங்களுக்கும் இது நேர்ந்தது, தவறு எங்களுடையது. முன்மாதிரியைப் பழைய கருவியால் எழுதிவிட்டு, பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் ரன்டைமை நிறுவச் சொல்லியிருந்தோம். எங்கள் கணினிகளில் ஓடிய மென்பொருள், புதிதாக நிறுவிய வாடிக்கையாளர் கணினியில் ஒரு வரி விதியைக்கூடப் படிக்கவில்லை.

பதிப்பைப் பூட்டிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். நம் மென்பொருள் மட்டும் ஆண்ட்லரைப் பயன்படுத்தினால் தீர்ந்ததுதான். ஆனால் நாம் சேர்த்துக்கொள்ளும் வேறொரு நூலகமும் உள்ளுக்குள் ஆண்ட்லரைச் சார்ந்திருந்தால், அது கேட்கும் பதிப்பும் நாம் கேட்கும் பதிப்பும் மோதும். பைதான் உலகில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு: அமைப்புக் கோப்புகளைப் படிக்கும் ஒமேகாகான்ஃப் நூலகத்தின் 2.3 பதிப்பு 4.9 வரிசை ரன்டைமைக் கேட்கிறது. சிம்பை கணித நூலகத்தின் 1.12 பதிப்பு லாடெக் சமன்பாடுகளைப் படிப்பதற்கு 4.11-ஐக் கேட்கிறது. ஒரே பைதான் சூழலில் ஒரு நூலகத்தின் இரண்டு பதிப்புகளை அருகருகே வைக்க முடியாது. ஜாவாவில் ‘ஷேடிங்’ என்று பெட்டிப் பெயரை மாற்றி நமக்கென ஒரு தனிப் பிரதியை உள்ளே வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பைதானிலும் ரன்டைமை நம் கோப்புறைக்குள் நகலெடுத்து வைக்கலாம். ஆனால் அந்த நூலகம் தன் பகுதிகளை முழுப்பெயர் சொல்லியே அழைப்பதால் வரிக்கு வரி பெயர் மாற்ற வேண்டியிருக்கும். செய்யக்கூடிய வேலைதான், ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மறுபடி செய்ய வேண்டிய வேலையும் கூட.

உரிமத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று பிரிவு பிஎஸ்டி உரிமம். மென்பொருளோடு அந்த அறிவிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

எழுத்துகளில் சிக்கிய இடம்

நான்கு வழிகளையும் உண்மையில் பிரித்துக் காட்டியது அல்காரிதம் அல்ல, தமிழ் எழுத்து. ‘கொட்டை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஆறு குறியீடு: ககரம், ஒகரத் துணைக்குறி, டகரம், புள்ளி, மறுபடி டகரம், ஐகாரத் துணைக்குறி. யுடிஎஃப்-8 கோப்பில் அது பதினெட்டு பைட். போதாததற்கு, ஒகரத் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரத்தின் ஒற்றைக்கொம்பையும் ஆகாரத்தின் காலையும் தனித்தனிக் குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு ஒன்று ஆறு குறியீட்டுச் சொல், மற்றது ஏழு. பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றித் தரும் சில கருவிகள் இரண்டாவது வடிவைத் தருவதுண்டு. ஆகவே எந்தப் பார்சரைத் தேர்ந்தாலும், உள்ளே அனுப்பும் முன் உரையை என்எஃப்சி என்ற இயல்பாக்க வடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இதை எந்தக் கருவியும் நமக்காகச் செய்யவில்லை.

அடுத்தது, ஒரு சொல் எங்கே முடிகிறது என்ற கேள்வி. உரையில் வடிவங்களைத் தேடப் பைதானில் உள்ளமைந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகத்தில் ‘சொல்லெழுத்து’ என்பதற்கு இருக்கும் சுருக்கக்குறி, எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கிறது; துணைக்குறிகளையும் புள்ளியையும் ஏற்பதில்லை. அந்தக் குறியை நம்பி எழுதினால் ‘கொட்டை’ முதல் ககரத்தோடு அறுந்துவிடும். இதே பைதான், தன் சொந்த நிரலில் ‘கொட்டை’ என்று மாறிக்குப் பெயர் வைத்தால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும் என்பது இதில் கசப்பான வேடிக்கை. லார்க் இயல்பாகப் பைதானின் அந்த நூலகத்தையே நம்பியிருப்பதால், அங்கே தமிழ்க் குறியீட்டு வரிசையை நாமே வெளிப்படையாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்ட்லரில் 4.7 பதிப்பிலிருந்து யூனிகோட் பண்புகளின் பெயரைச் சொல்லியே எழுத்து, துணைக்குறி என்ற வகைகளைக் கேட்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அது எல்லோரையும்விட நேர்த்தி. பைசனோடு வழக்கமாகச் சேரும், உரையை டோக்கன்களாக வெட்டித் தரும் ஃப்ளெக்ஸ் பைட் கணக்கில் ஓடுவது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக விரிவதை அதற்கு நாம் வடிவமாக எழுதிக் காட்ட வேண்டும். பிழை வந்த இடத்தைச் சொல்லும்போதும் அது பதினெட்டு என்று எண்ணும், கணக்குப்பிள்ளை மூன்று என்று எண்ணுவார்.

இங்கே ஒரு சின்ன விலகல். தமிழ்ப் பின்னங்களில் 1/320-க்கு முந்திரி என்று பெயர். 2019-இல் யூனிகோட் 12 வெளிவந்தபோது பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு ஒரு தனித் தொகுதியே ஒதுக்கப்பட்டது. அந்தத் தொகுதியின் முதல் குறி இந்த முந்திரிதான். முந்திரிப் பருப்பு வணிகத்தில் டபிள்யூ 320 என்பது ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்கும் தரம் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பொருத்தம் சிரிப்பை வரவழைக்கும். தற்செயல்தான். எங்கள் கூட்டாளி ஒருவர் அந்தக் குறியையும் விதிமொழியில் ஏற்க வேண்டும் என்று ஒரு வாரம் வாதாடினார். அந்தத் தொகுதி யூனிகோடின் அடிப்படைத் தளத்துக்கு வெளியே இருப்பதால், ஜாவாவில் ஒரு குறி இரண்டு அலகாக எண்ணப்படும். பழைய உள்ளீட்டு வகுப்புகளைப் பயன்படுத்தினால் ஆண்ட்லரிலும் இடறும். எந்தக் கணக்குப்பிள்ளையும் அதைத் தட்டப்போவதில்லை என்பதால் கைவிட்டோம்.

காற்புள்ளி அப்படிக் கைவிடக்கூடியது அல்ல. நம்மவர்கள் 1,25,000 என்றுதான் எழுதுவார்கள். இலக்கணத்தில் காற்புள்ளிக்கு வேறு வேலையும் கொடுத்தால் மோதல் நிச்சயம். ஆகவே எங்கள் மொழியில் காற்புள்ளி எண்ணுக்குள் மட்டுமே வரும், பிரிப்பதற்கு அரைப்புள்ளி.

பைசன்

பைசனைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஒன்றும் இல்லை, அது எங்கள் வேலைக்குப் பொருந்தாததால். 1970-களில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய யாக் என்ற கருவியின் வழிவந்தது, வேகமானது, உறுதியானது, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இன்றும் தன் எஸ்க்யூஎல் இலக்கணத்தை அதைக்கொண்டே படிக்கிறது. ரன்டைம் நூலகம் தேவையே இல்லை. உரிமத்தைப் பற்றிய பழைய அச்சம் இப்போது பொருந்தாது: கருவி, மூலத்தையும் பகிரக் கோரும் ஜிபிஎல் உரிமத்தில் இருந்தாலும், 2.2 பதிப்பிலிருந்து அது எழுதித் தரும் பார்சரைத் தனியுரிமை மென்பொருளிலும் பயன்படுத்த அதன் எல்லாச் சட்டகங்களுக்கும் விதிவிலக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. 3.6 பதிப்பிலிருந்து பிழைச் செய்தியை நாமே முழுமையாக வடிவமைக்கவும் வழி செய்திருக்கிறார்கள். ஆனால் அது சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா பக்கத்துப் பிறவி. அதன் சி நிரலைப் பைதானோடு இணைக்க ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தொகுத்துக் கொடுக்க வேண்டும். ரன்டைமைத் தவிர்ப்பதற்காகக் கம்பைலரைச் சுமப்பது எங்களுக்கு ஆதாயமாகப் படவில்லை. சி மொழியில் வேலை செய்கிறவர் என்றால் கணக்கு நேர்மாறாகப் போகும்.

லார்க்

லார்க் பைதானுக்காகவே எழுதப்பட்டது. வேறு எந்தத் தொகுப்பையும் கட்டாயமாகக் கேட்பதில்லை. எர்லி என்ற, எந்த இலக்கணத்தையும் ஏற்கும் முறையிலும் அது ஓடும். எல்ஏஎல்ஆர்-1 என்ற கண்டிப்பான, வேகமான முறையிலும் ஓடும். எங்கள் மொழி இரண்டாவதற்குள் அடங்கியது. ‘எனில்’ கடைசியில் வருவதை அது இயல்பாக எடுத்துக்கொண்டது. எல்ஏஎல்ஆர் முறையில் ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற கண்டிப்பு விருப்பத்தை இயக்கியது ஒரு நன்மையையும் செய்தது: அப்போது இலக்கணத்தில் இரட்டைப் பொருளால் மோதல் எழுந்தால் லார்க் கட்டும்போதே மறுத்துவிடுகிறது. நிபந்தனைக்குள் நிபந்தனை வைத்தால் ‘இல்லையேல்’ எதைச் சேரும் என்பதை நாங்கள் தெளிவாக்காமல் விட்டிருந்தோம். லார்க் மோதல் என்று சொல்லி நிறுத்தியது. அதே இலக்கணத்தை ஆண்ட்லர் முன்பே ஏற்றுக்கொண்டு, முதலில் எழுதிய கிளையைத் தானாகத் தேர்ந்துகொண்டு போயிருந்தது. கூலிப் பிடித்தம் யாருக்கு விழும் என்பதைக் கருவியின் இயல்பான தேர்வுக்கு விட்டிருந்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

ரன்டைம் கேள்விக்கு லார்க் தரும் விடைதான் எங்களுக்கு முக்கியம். எல்ஏஎல்ஆர் இலக்கணமாக இருந்தால், அட்டவணைகளையும் அவற்றை ஓட்டத் தேவையான நூலகப் பகுதியையும் சேர்த்து ஒரே பைதான் கோப்பாக எழுதித் தரும் கருவி அதிலேயே இருக்கிறது. அந்தக் கோப்பை நம் நிரலோடு வைத்துவிட்டால், வாடிக்கையாளர் கணினியில் லார்க்கை நிறுவவே வேண்டாம். பதிப்பு மோதலுக்கும் இடமில்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததற்குப் பிந்தைய நாட்களில், பழுதான ஒரு கணினிக்குப் பதிலாக வேறொன்றில் மென்பொருளை நிறுவ வேண்டியிருந்தபோது இணையம் கிடைக்காமல் தவித்திருக்கிறோம். நிறுவும் நேரத்தில் வெளியிலிருந்து இறங்க வேண்டிய ஒவ்வொரு பொட்டலமும் ஒரு கடன் என்பதை அன்றே கற்றோம்.

உரிமத்தில் மட்டும் கவனம் வேண்டும். லார்க் நூலகம் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. தனிக்கோப்பை எழுதித் தரும் கருவியும் அது எழுதிய கோப்பும் மோசில்லா பொது உரிமம் 2.0-இன் கீழ் வருகின்றன. அந்தக் கோப்பைத் திருத்தி வெளியே கொடுத்தால், அந்தக் கோப்பின் மூலத்தையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். நம் மற்றக் கோப்புகளை அது தொடாது. நாங்கள் அதைத் திருத்துவதில்லை. பைதானில் மூலமாகவே போய்ச் சேருகிறது என்பதால் பெரிய சிக்கலும் இல்லை. எல்லாவற்றையும் மூடிய பெட்டியாக விற்கிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

கையால் எழுதுவது

என் மனம் சாய்ந்தது இந்தப் பக்கம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வான் பிராட் 1973-இல் விவரித்த முன்னுரிமை முறையைக் கொண்டு, கோவைகளைப் படிக்கும் பார்சரை ஒரு நாளில் எழுதிவிடலாம். ‘எனில்’ சிக்கலுக்கும், முதலில் ஒரு கோவையைப் படித்துவிட்டு அடுத்த டோக்கன் சமக்குறியா, ‘எனில்’ சொல்லா என்று பார்த்துப் பிரிந்தால் போதும். பெரிய திட்டங்களே இந்த வழிக்கு வந்திருக்கின்றன: ஜிசிசி கம்பைலர் தன் சி பிளஸ் பிளஸ் பார்சரை 2004-இல் வந்த 3.4 பதிப்பில் பைசனிலிருந்து கைவேலைக்கு மாற்றியது. கோ மொழியின் கம்பைலர் 2016-இல் வந்த 1.6 பதிப்பில் மாற்றியது. இவற்றைக் காட்டி ‘பெரியவர்களே ஜெனரேட்டரைக் கைவிட்டுவிட்டார்கள்’ என்று வாதாடுபவர்கள், பைதானின் முதன்மை வடிவமான சிபைதானைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 2020-இல் வந்த 3.9 பதிப்பில் அது பழைய பார்சரை விட்டுப் புதியதற்கு மாறியபோதும் இலக்கணக் கோப்பிலிருந்தே பார்சரை உண்டாக்கியது. அதற்கான கருவியையும் ரன்டைமையும் தன் நிரல் களஞ்சியத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

கையால் எழுதுவதன் உண்மையான பலன் பிழைச் செய்தி. ஆண்ட்லர் தானாகத் தரும் செய்தி ஆங்கிலத்தில், எதிர்பார்த்த டோக்கன்களின் பட்டியலோடு வரும். அதைக் கேட்டுக்கொள்ளும் செயற்கூறை நாமே எழுதித் தமிழாக்கலாம். ஆனால் ‘இந்த இடத்தில் இவற்றில் ஒன்று வந்திருக்க வேண்டும்’ என்பதைத் தமிழில் சொன்னாலும் அது கணினியின் பேச்சுதான். எங்கள் முன்மாதிரியைப் பார்த்த ஒரு மூத்த கணக்குப்பிள்ளை, “தம்பி, என்ன தப்புன்னு சொல்லாதீங்க, என்ன எழுதணும்னு சொல்லுங்க” என்றார். கையால் எழுதும்போது அதைச் செய்யத் தடையில்லை. ‘எனில்’ வர வேண்டிய இடத்தில் ‘என்றால்’ என்று எழுதியிருந்தால் அதை அடையாளம் கண்டு நேரே சொல்லலாம்.

கைவேலைக்கு எதிராக நிற்பது ஒன்றே ஒன்று. மொழியின் இலக்கணம் எங்கும் எழுதப்பட்டிருக்காது, நிரலுக்குள் கரைந்திருக்கும். நான்கு பேரில் ஒருவர் வேலையை விட்டுப் போனால், அடுத்து வருபவர் எந்த விதி ஏற்கப்படும், எது ஏற்கப்படாது என்பதை நிரலை வரிவரியாகப் படித்தே கண்டுபிடிக்க வேண்டும். கூலி சம்பந்தப்பட்ட தகராறில், மொழி எதை அனுமதிக்கிறது என்பதை ஒரு பக்கத் தாளில் காட்ட முடிவது எங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. என் சாய்வை நான் விட்டுக்கொடுத்தது இந்த இடத்தில்தான்.

பார்சர் எத்தனை இடத்தில் வேண்டும்

ஆண்ட்லருக்கு ஆதரவாக எங்களிடம் இருந்த வலிமையான காரணம் இரண்டு மொழிகளில் ஒரே இலக்கணம் என்பதுதான். ஒரு மாலை, கைபேசிச் செயலிக்குள் பார்சர் உண்மையில் என்ன செய்யப்போகிறது என்று பலகையில் எழுதிப் பார்த்தோம். மேஸ்திரி விதி எழுதுவதில்லை, எடையைத்தான் பதிகிறார். விதியை எழுதுவது அலுவலகக் கணினியில் கணக்குப்பிள்ளை. கைபேசிக்குத் தேவை, ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட விதியை எடைகளுக்குப் பொருத்திக் கூலியைக் காட்டுவது மட்டுமே. அதற்கு விதியின் உரை வேண்டாம். பகுத்த மரம் போதும். அலுவலகத்தில் ஒரு முறை பகுத்து, மரத்தை ஜேசன் என்ற தரவு வடிவில் அனுப்பினால், கைபேசியில் அதை மதிப்பிடும் சின்னச் செயற்கூறு ஒன்று மட்டும் போதும். அதில் எந்தப் பார்சரின் ரன்டைமும் இல்லை. தமிழ் எழுத்தின் இயல்பாக்கத் தொல்லையும் ஒரே இடத்தோடு நின்றுவிடுகிறது.

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். அதைக் கேட்ட பிறகு ஆண்ட்லரின் முதன்மையான நன்மை எங்களுக்கு மறைந்துபோனது. அதன் சுமை மட்டும் மிஞ்சியது. இது ஆண்ட்லரின் குறை அல்ல. சேவையகத்திலும் உலாவியிலும் கைபேசியிலும் பயனர் தட்டத் தட்டவே சரிபார்க்க வேண்டிய மொழியாக இருந்தால், அல்லது ஜாவாவில் மட்டுமே முழு மென்பொருளும் இருந்தால், நான் இன்றும் ஆண்ட்லரையே எடுப்பேன். பதிப்பைப் பூட்டி, கருவியையும் ரன்டைமையும் ஒன்றாகவே உயர்த்துவேன்.

எங்கள் தேர்வு லார்க், தனிக்கோப்பு வடிவில். இலக்கணக் கோப்பும் அதிலிருந்து உண்டான பைதான் கோப்பும் களஞ்சியத்தில் அருகருகே இருக்கின்றன. எந்த லார்க் பதிப்பு எழுதியது என்பது உண்டான கோப்பின் பக்கத்திலேயே குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. இலக்கணம் மாறினால் கோப்பை மறுபடி உண்டாக்கி, கூடங்களிலிருந்து வாங்கி வைத்திருக்கும் பழைய விதிகள் எல்லாம் முன்பு கொடுத்த அதே கூலியைக் கொடுக்கின்றனவா என்று சோதனை ஓட்டுகிறோம். அந்தச் சோதனையில் ‘கொட்டை’ ஆறு குறியீடாகவும் ஏழு குறியீடாகவும் இரண்டு முறை வருகிறது. கையால் எழுதும் வழியில் எனக்குப் பிடித்திருந்த பிழைச் செய்திக்கும் லார்க்கில் ஓரளவு ஈடு கிடைத்தது: தவறான வரிகளின் மாதிரிகளைக் கொடுத்து, வந்த பிழை எந்த மாதிரியோடு ஒத்துப்போகிறது என்று கேட்கும் வசதி அதில் உண்டு. கணக்குப்பிள்ளைகள் அடிக்கடி செய்யும் பிழைகளுக்கு, என்ன எழுத வேண்டும் என்பதை அவர்களுடைய சொல்லிலேயே எழுதி வைத்திருக்கிறோம். பட்டியலில் இல்லாத பிழைக்கு இன்னும் பொதுச் செய்திதான் வருகிறது. பிழை வந்த இடத்தைக் காட்டும் அம்புக்குறி சரியான எழுத்தின் கீழ் நிற்பதற்காகக் குறியீட்டு எண்ணிக்கையைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்து எண்ணிக்கையாக மாற்றும் சிறு செயற்கூறு ஒன்றை எழுத வேண்டியிருந்தது.

காடாம்புலியூரில் ஒரு கூடத்து உரிமையாளர், விதியைக் கைபேசியிலேயே திருத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கைபேசியில் தட்டலாம், ஆனால் சரிபார்ப்பது அலுவலகக் கணினிதான், இணைப்பு கிடைத்து அது ஒப்புதல் தந்த பிறகே புதிய விதி நடப்புக்கு வரும் என்று இப்போதைக்குச் சொல்லியிருக்கிறோம்.